டியூப் போட்டால் மங்கும், விட்டால் திரும்பும் படை: சதை எடுத்துப் பார்க்கச் சொல்வது ஏன்?

கேள்வி சுருக்கமாக இது. மேலூர்ப் பக்கம் விவசாயம் பார்க்கும் 54 வயது அப்பாவுக்கு நாலரை வருஷமாக இடுப்பிலும் பிட்டத்திலும் தொடையிலும் படை. மருந்துக்கடையில் வாங்கிய டியூப்பைத் தடவினால் பத்து நாளில் மங்குகிறது, விட்டால் அதே இடத்தில் திரும்புகிறது. இப்போது மதுரையில் ஒரு தோல் டாக்டர், "சதை எடுத்து லிம்போமாவா என்று பார்த்துவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார். தோலில் வரும் படைக்கும் ரத்த அணுப் புற்றுக்கும் என்ன சம்பந்தம், கத்தி வைத்தால் பரவிவிடாதா என்று மகன் கேட்கிறார்.

பயத்துக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சதை எடுப்பதால் இந்த நோய் பரவாது. லிம்போமா என்பது லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்று. அந்த அணுக்கள் இயல்பிலேயே உடம்பெல்லாம் சுற்றி வருபவை. நாலு மில்லிமீட்டர் தோலை வெட்டி எடுப்பதால் அவற்றுக்குப் புது வழி எதுவும் திறந்துவிடாது. அடுத்தது, படை என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இருப்பது படர்தாமரையோ கரப்பானோ சொரியாசிஸோதான். உங்கள் டாக்டர் சந்தேகப்படுவது படை இருப்பதால் அல்ல, அது நடந்துகொள்ளும் விதத்தால். ஒருவேளை லிம்போமா என்றே வந்தாலும், தோலில் பிறந்து தோலிலேயே தங்கும் வகை ஆரம்ப நிலையில் பிடிபட்டால் பெரும்பாலும் ஆயுளைக் குறைப்பதில்லை.

ஆகவே சதை எடுக்கச் சம்மதியுங்கள். ஆனால் எடுப்பதற்கு முன் அந்த டியூப்பை நிறுத்தியாக வேண்டும். நாலரை வருஷம் வீணானதற்குக் காரணமே அதுவாக இருக்கலாம்.

சம்பந்தம் என்னவென்று கேட்டீர்கள். டி-லிம்போசைட்டுகளில் ஒரு பிரிவு தோலைக் காவல் காப்பதற்கென்றே இருக்கிறது. ரத்தத்தில் போனாலும் தோலின் முகவரி அவற்றின் மேல் எழுதியிருப்பதுபோல, திரும்பத் திரும்பத் தோலுக்கே வந்து சேரும். அந்த அணு கெட்டுப்போனால் புற்று தோலில்தான் தொடங்கும், நெறி (நிணநீர் முடிச்சு) கட்டுவதெல்லாம் பிறகுதான். இது ஒரு வகை. கழுத்திலோ வயிற்றுக்குள்ளோ நிணநீர் முடிச்சில் தொடங்கிய லிம்போமா பின்னால் தோலுக்கு வந்து கட்டியாகத் தெரிவது இரண்டாவது வகை. மூன்றாவதில் தோலில் புற்று அணு ஒன்றுகூட இருக்காது. ஆனால் உள்ளே இருக்கும் லிம்போமாவால் தோல் அரிக்கும், மீன் செதில்போல் காயும், கொப்புளிக்கும். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் பரிசோதனை வேறு, வைத்தியம் வேறு, கவலைப்பட வேண்டிய அளவும் வேறு.

அப்பா விஷயத்தில் டாக்டர் நினைப்பது முதல் வகையாகத்தான் இருக்கும். அதில் பாதிக்குப் பாதி மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் என்ற நோய். அலிபேர் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1806-ல் இதை முதலில் விவரித்தார். முற்றிய நிலையில் கட்டிகள் காளான்போல் இருந்ததால் இந்தப் பெயர் வந்தது. காளானுக்கும் பூஞ்சைக்கும் இதில் ஒரு தொடர்பும் கிடையாது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரிப்போர்ட்டில் 'ஃபங்' என்ற எழுத்தைப் பார்த்துவிட்டு பூஞ்சை மாத்திரை எடுத்துக் கொடுக்கும் ஆபத்து உண்டு. அந்த ரிப்போர்ட்டை மருந்துக்கடைக் கவுண்ட்டரில் காட்டி விளக்கம் கேட்காதீர்கள்.

இந்த நோய் வெயில் படாத இடத்தைத் தேடும். பிட்டம், இடுப்பைச் சுற்றி, தொடையின் மேற்பாதி, அக்குள் பக்கம், பெண்களுக்கு மார்பின் அடிப்பக்கம். சட்டை போடாமல் வயலில் நிற்பவருக்கு முதுகு சுத்தமாக இருந்து, வேட்டி மறைக்கும் இடத்தில் மட்டும் படை நிற்பது உண்டு. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் அந்த அணுக்களை அடக்குகிறது. பின்னால் சொல்லப்போகும் ஒளிச் சிகிச்சை பலிப்பதும் இதே காரணத்தால்தான். படைகள் பெரும்பாலும் 5 சென்டிமீட்டருக்கு மேல் இருக்கும், ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ஒன்று வட்டம், ஒன்று நீளம், ஒன்று பிறை. ஓரம் தெளிவாக இராது. மேல்தோல் மெலிந்து, விரலால் லேசாக நெருக்கினால் வெங்காயச் சருகுபோல் சுருங்கும். அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வருஷக்கணக்கில் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கும்.

படர்தாமரையும் இதே இடுப்பில்தான் வரும், அரைஞாண் கயிறு கட்டும் இடத்திலும் கவட்டியிலும். அதுதான் சிக்கல். ஆனால் படர்தாமரை ஓரத்தில் சிவந்து தடித்து, நடுவில் தெளிந்து, வட்டமாக விரிந்துகொண்டே போகும். அரிப்பு தாங்காது. வீட்டில் துண்டைப் பகிர்பவர்களுக்கும் இருக்கும். ஓரத்துச் செதிலைச் சுரண்டி 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அரை மணி நேரத்துக்குள் பூஞ்சை இழை தெரிந்துவிடும். நாலரை வருஷத்தில் இந்தச் சோதனை ஒருமுறையாவது நடந்ததா என்று கேட்டுப் பாருங்கள். சொரியாசிஸ் என்றால் முழங்கை, முழங்கால், தலைச் சருமம் என்று இரண்டு பக்கமும் சமமாக, வெள்ளிச் செதிலோடு வரும்.

நம் நிறத்துக்கு இன்னொரு வேஷமும் உண்டு. கறுத்த தோலில், அதிலும் சிறு பிள்ளைகளுக்கும் வாலிப வயதினருக்கும், இதே நோய் வெளிறிய திட்டாக வரும். பார்த்தால் தேமல். தேமல் என்றே மருந்து போடுவார்கள், போகாது. அடுத்து வெண்புள்ளி என்பார்கள். வெண்புள்ளி சுண்ணாம்பு வெள்ளையாக, ஓரம் வெட்டியதுபோல் இருக்கும். இதுவோ முழு வெள்ளையாகாமல் மங்கலாக, ஓரம் கரைந்து, சில இடத்தில் மெல்லிய செதிலோடு இருக்கும். மூன்றாவதாக வரும் சந்தேகம் தொழுநோய். தொழுநோய்த் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும், வியர்க்காது, முடி உதிர்ந்திருக்கும். கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சு நுனியால் தொட்டால் தெரியாது. லிம்போமாத் திட்டில் உணர்ச்சி அப்படியே இருக்கும். ஆனால் உணர்ச்சி இருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தொழுநோய் இல்லை என்று முடிவுகட்டவும் கூடாது. ஆரம்பத் திட்டிலும் முகத்துத் திட்டிலும் உணர்ச்சி மிஞ்சியிருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொழுநோய்க் கூட்டு மருந்து இலவசம், 6 மாதம் அல்லது 12 மாதம். அதை முழுதாக முடித்தும் திட்டு அசையவில்லை, அல்லது புதிதாக வருகிறது என்றால், "இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள்" என்ற பதிலோடு திரும்பிவிடாமல் சதை எடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும். வெளிறிய வகை பொதுவாக மெதுவானது, ஒளிச் சிகிச்சைக்கு நன்றாகக் கேட்கும், நிறமும் திரும்பும். அதனால்தான் அது தேமல் என்ற பெயரில் பத்து வருஷம் கிடப்பது வருத்தமான விஷயம்.

இப்போது அந்த டியூப். மருந்துக்கடையில் "படைக்கு ஒன்று கொடுங்கள்" என்றால் கிடைப்பது பெரும்பாலும் கலவைக் களிம்பு. பூஞ்சை மருந்து ஒன்று, கிருமிக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் அல்லது பெக்லோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-ல் மத்திய அரசு விதியை இறுக்கியது. கடையில் கேட்டால் இன்னும் கிடைக்கிறது. இந்தக் கலவை இரண்டு கெடுதல் செய்யும். பூஞ்சையாக இருந்தால் அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும், வட்டத்தின் உருவமே கலைந்துபோகும். லிம்போமாவாக இருந்தால் தோலின் மேல்மட்டத்தில் கூடியிருக்கும் அணுக்களைத் தற்காலிகமாக விரட்டும். படை மங்கும். அந்த நேரத்தில் சதை எடுத்தால் நோயியல் டாக்டருக்குப் பார்க்க ஒன்றும் மிஞ்சியிருக்காது, "சாதாரண அழற்சி" என்று ரிப்போர்ட் வரும். வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள். நோய் மட்டும் அப்படியே இருக்கும்.

அதனால் சதை எடுக்கும் நாளுக்கு முன் இரண்டிலிருந்து நான்கு வாரம், எடுக்கப்போகும் இடத்தில் எந்த ஸ்டீராய்டுக் களிம்பும் படக் கூடாது. தேங்காய் எண்ணெயோ வெறும் வாசலினோ போதும். அந்த நாட்களில் அரிப்பு கூடும், படை மேலெழும்பும். அதுதான் வேண்டும், பயந்து மறுபடி டியூப்பைத் தொடாதீர்கள். அரிப்புக்கு மாத்திரை டாக்டரிடமே கேளுங்கள். ஊரில் 'அரிப்பு ஊசி' போட்டிருந்தால் அது என்ன ஊசி என்று போட்டவரிடமே கேட்டு எழுதி வாங்குங்கள். அதில் ஸ்டீராய்டு இருந்தால் தேதியோடு சொல்ல வேண்டும். நாட்டு மருந்துப் பொடி, லேகியம் எது சாப்பிட்டிருந்தாலும் மறைக்காதீர்கள். ஒன்று மட்டும் எச்சரிக்கை. ஸ்டீராய்டு மாத்திரையை வாரக்கணக்காகச் சாப்பிட்டு வருபவர் அதைத் தானாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் சொந்தச் சுரப்பை நிறுத்தியிருக்கும், திடீரென விட்டால் ரத்த அழுத்தம் விழுந்து ஆளே சாயலாம். அதை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சதை எடுப்பது எப்படி என்றும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இங்கேதான் பாதித் தவறு நடக்கிறது. மரக்கும் ஊசி போட்டு, பேனா முனைபோல் வட்டக் கத்தியால் தோலைத் துளைத்து எடுப்பார்கள். 4 மில்லிமீட்டர் குறைந்தபட்சம், 6 கிடைத்தால் நல்லது. மேலோட்டமாகச் சீவி எடுப்பது போதாது. தோலுக்கு அடியில் உருளும் கட்டி என்றால் துளைப்பானே பத்தாது, கொழுப்பு வரை ஆழமாக இலை வடிவத்தில் வெட்டி எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் எடுப்பதைவிட, மருந்தே படாத ஒரு படையும் நன்றாகத் தடித்த ஒரு படையுமாக இரண்டு இடத்தில் எடுப்பது பலன் தரும். எடுத்த சதை 10 சதவீத ஃபார்மலினில், சதையின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு திரவத்தில் மூழ்கியிருக்க வேண்டும். ஸ்பிரிட்டிலோ காய்ந்த பஞ்சிலோ போனால் அணுக்கள் சுருங்கிவிடும், பிறகு எந்த நிபுணராலும் காப்பாற்ற முடியாது. தையல் ஒன்று அல்லது இரண்டு. உடம்பிலும் தொடையிலும் பத்திலிருந்து பதினாலு நாளில் பிரிப்பார்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும், சர்க்கரை உள்ளவரும்.

கூடப் போகும் சீட்டில் "தோல், உறுதி செய்க" என்று மட்டும் எழுதியிருந்தால் பயனில்லை. எத்தனை வருஷம், எந்த இடம், என்ன களிம்பு, எப்போது நிறுத்தியது, லிம்போமா சந்தேகம் உண்டா என்பதெல்லாம் இருக்க வேண்டும். படையின் போட்டோ ஒன்று சேர்ந்து போனால் இன்னும் நல்லது. ஆரம்ப மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸைக் கண்ணாடித் தகட்டில் மட்டும் பார்த்துக் கரப்பானிலிருந்து பிரிப்பது அனுபவசாலிக்கே கடினம். கெட்ட லிம்போசைட்டுகள் மேல்தோலுக்குள் ஏறி வரிசையாக உட்கார்ந்திருப்பது, அங்கங்கே சிறு கூட்டமாகச் சேர்ந்திருப்பது இவைதான் அடையாளம். சந்தேகமாக இருந்தால் சிடி3, சிடி4, சிடி8, சிடி7, சிடி30 என்ற அணுக்களின் அடையாளப் புரதங்களுக்குச் சாயமேற்றிப் பார்ப்பார்கள். அப்போதும் தெளியாவிட்டால் டி-அணுவின் மரபணு ஒரே வார்ப்பாக இருக்கிறதா என்று சோதிப்பார்கள்.

முதல் தடவை "அழற்சி" என்று வந்தாலும் படை போகவில்லை என்றால் மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி எடுக்க வேண்டும், மூன்றாவது தடவையும் எடுக்க நேரலாம். இது டாக்டரின் தவறும் இல்லை, காசு பிடுங்கும் வேலையும் இல்லை. முதல் திட்டு தோன்றியதிலிருந்து பெயர் வைக்க வருஷங்கள் ஆவது உலகம் முழுக்க இந்த நோயின் வழக்கம். சதை பதித்த மெழுகுக் கட்டியை, அதாவது பிளாக்கை, லேபில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சென்னைக்கோ வேலூருக்கோ போனால் அங்கே முதலில் கேட்பது அதைத்தான். வெறும் ரிப்போர்ட் பேப்பரை வைத்து அவர்கள் மறுசோதனை செய்ய முடியாது.

உறுதியானால் அடுத்த கேள்வி எவ்வளவு பரவியிருக்கிறது. அப்பாவின் உள்ளங்கையை விரல்களோடு சேர்த்து வைத்தால் அது உடம்பின் தோலில் ஏறக்குறைய 1 சதவீதம். பத்துக் கை அளவுக்குள் படை இருந்தால் முதல் நிலை. அதற்கு மேல் இரண்டாவது. 1 சென்டிமீட்டருக்கு மேல் புடைத்த கட்டி வந்தால் மூன்றாவது. உடம்பில் 80 சதவீதத்துக்கு மேல் சிவந்துவிட்டால் நான்காவது. இது தோலுக்கு மட்டுமான கணக்கு. நெறி, ரத்தம், உள்ளுறுப்பு இவற்றையும் சேர்த்துத்தான் முழு நிலை சொல்வார்கள். தோலில் முதல் நிலையில், நெறியும் ரத்தமும் சுத்தமாக இருப்பவர்களில் நோய் மேலே முன்னேறுவது ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குத்தான்.

நெறி கட்டியிருக்கிறதா என்று நீங்களே தடவிப் பாருங்கள். கழுத்து, காறை எலும்புக்கு மேல் குழி, அக்குள், கவட்டி. கவட்டியில் சிறு நெறி செருப்பில்லாமல் வரப்பில் நடப்பவர்களுக்குச் சாதாரணம், கால் புண்ணால் வருவது. வலியில்லாமல், ரப்பர்போல், ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல், ஒரு மாதம் கடந்தும் கரையாமல் நின்றால் காட்ட வேண்டும். காறை எலும்புக்கு மேலே என்றால் அளவே பார்க்க வேண்டாம், உடனே காட்டுங்கள்.

இங்கே ஒரு வழக்கமான தடுமாற்றம். கழுத்தில் நெறி என்றால் நம் பக்கம் முதலில் நினைப்பது காசநோய், அது நியாயமும்கூட. ஆனால் ஊசியால் உறிஞ்சிப் பார்த்துவிட்டு, கிருமி காணாமலே ஆறு மாதக் காசநோய் மருந்து தொடங்குவதில் ஆபத்து இருக்கிறது. லிம்போமாவுக்கு நெறியின் உள்கட்டமைப்பு தெரிய வேண்டும். ஊசியில் வரும் சில அணுக்களில் அது தெரியாது. முழு நெறியாக எடுப்பதே சரி, அதுவும் முடிந்தால் கவட்டியைவிடக் கழுத்திலோ அக்குளிலோ. எடுத்ததை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை ஃபார்மலினிலும் மறு பாதியை உப்பு நீரிலும் அனுப்பச் சொல்லுங்கள். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், பிறகு காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது. ஆபரேஷன் அறையில் இந்த ஒரு விஷயம் மறந்துபோனால் நோயாளிதான் இரண்டாம் முறை படுக்க வேண்டியிருக்கும். நெறி எடுப்பதற்கு முன் ஸ்டீராய்டு கொடுத்து அதைக் கரைத்துவிடவும் கூடாது. லிம்போமா நெறி ஸ்டீராய்டுக்குச் சுருங்கிவிடும், பிறகு சோதனையில் அகப்படாது.

மற்ற தோல் வடிவங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிவந்த பருக்கள் கூட்டமாக வந்து, நடுவில் கறுத்துப் புண்ணாகி, சில வாரத்தில் தானே ஆறி, மறுபடி வேறு இடத்தில் வருவது லிம்ஃபோமட்டாய்டு பாப்புலோசிஸ். தன்னளவில் சாதுவானது, ஆனால் ஐந்தில் ஒருவர் வரைக்கும் பின்னாலோ கூடவோ வேறு லிம்போமா வரக்கூடும் என்பதால் ஆயுள் முழுக்கக் கண்காணிப்பு வேண்டும். தலை, நெற்றி, முதுகில் வலியில்லாமல் ரோஸ் நிறத்தில் மழமழவென்று நிற்கும் கட்டி, பி-லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளணுவில் பிறந்த லிம்போமாவாக இருக்கலாம், பெரும்பாலும் மெதுவானது. வயதான பெண்களுக்கு முழங்காலுக்குக் கீழே சிவந்து ஊதா ஓடிய கட்டிகள் சில வாரங்களில் வேகமாக வளர்ந்தால் அது வேறு கதை, அங்கே நாள் கடத்தக் கூடாது. இளம் வயதில் தொடை, கை, முகத்தில் தோலுக்கடியில் கட்டிகள், கூடவே காய்ச்சல், மெலிவு என்று வந்தால் கொழுப்பில் பிறக்கும் டி-லிம்போமாவையும் நினைக்க வேண்டும். காசநோய் என்றோ லூபஸ் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) என்றோ அது தவறாகப் போவது உண்டு. கொசு கடித்த இடமெல்லாம் கொப்புளித்துப் புண்ணாகி, காய்ச்சலும் அடிக்கும் பிள்ளைக்கு வெறும் கொசு அலர்ஜி என்று விட்டுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அரிதுதான், ஆனால் எப்ஸ்டீன்-பார் வைரஸோடு சேர்ந்த லிம்போமா அப்படித் தொடங்கும். உள்ளே ரத்த லிம்போசைட் புற்று உள்ள முதியவர்களுக்கும் கொசுக்கடி மிகையாகத் தடிக்கும்.

அடுத்து வெறும் அரிப்பு. தோலில் சொறிந்த கீறலைத் தவிர வேறு எதுவும் இல்லை, ஆனால் ஆறு வாரத்துக்கு மேல் உடம்பெல்லாம் அரிக்கிறது. சிரங்கு என்றால் விரல் இடுக்கில் இருக்கும், வீட்டில் மற்றவர்களுக்கும் இருக்கும். அது இல்லை என்றானபின் சர்க்கரை, தைராய்டு, கல்லீரல், சிறுநீரகம், இரும்புச் சத்து, ரத்த அணு எண்ணிக்கை, இ.எஸ்.ஆர். (ரத்தச் சிவப்பணு படியும் வேகம்) பாருங்கள். கூடவே ஒரு மார்பு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். இருபது, முப்பது வயதில் வரும் ஹாட்ஜ்கின் லிம்போமா நெஞ்சுக்கூட்டின் நடுவில் ஒளிந்திருந்து, மாதக்கணக்கில் அரிப்பாக மட்டுமே வெளியே தெரியலாம். எளிய எக்ஸ்ரேயில் நிழல் விரிந்து தெரிந்துவிடும். அதுவரை அலர்ஜி மாத்திரையை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். பெரியவர்களுக்குப் புதிதாகக் காலில் மீன் செதில்போல் தோல் காய்வதும் ஹாட்ஜ்கினின் அறிகுறியாக இருக்கலாம். தொழுநோய் மருந்தில் உள்ள குளோஃபாசிமினும் அப்படிக் காய வைக்கும் என்பதால் மருந்துப் பட்டியலை முதலில் பாருங்கள். வாய், உதடு முழுக்க ஆறாத புண்ணும் உடம்பில் கொப்புளமும் சேர்ந்து வந்தால் உள்ளே லிம்போமா தேட வேண்டும். 38 டிகிரி செல்சியஸைத் தாண்டிக் காரணமில்லாத காய்ச்சல், இரவில் தலையணை நனையும் வியர்வை, ஆறு மாதத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைவது இவற்றில் ஒன்று தோல் பிரச்சனையோடு சேர்ந்தாலும் தாமதிக்காதீர்கள். மே மாத மதுரையில் யாருக்குத்தான் வியர்க்காது என்பீர்கள். மின்விசிறி ஓடும்போதும் சட்டையைப் பிழிந்து மாற்ற வேண்டியிருக்கிறதா என்பதுதான் கேள்வி.

வைத்தியத்துக்கு வருகிறேன். ஆரம்ப நிலை என்றால் கீமோ தேவையில்லை. 103 நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் செய்து 1989-ல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே கடுமையான கீமோவும் முழுத்தோல் கதிர்வீச்சும் கொடுத்தவர்கள், படிப்படியாக மென்மையான வைத்தியம் பெற்றவர்களைவிடக் கூடுதல் நாள் வாழவில்லை, பக்கவிளைவு மட்டும் கூடியது. அதனால் இன்றும் தோலோடு நிற்கும் நோய்க்குத் தோலோடு நிற்கும் வைத்தியம்தான். அதில் முதலாவது குறும்பட்டை (நேரோபேண்ட்) யு.வி.பி. என்ற புற ஊதா ஒளி, 311 நானோமீட்டர். வாரம் மூன்று முறை, பல மாதம். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி, ஆண்களுக்கு உறுப்பை மூட வேண்டும். நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுவார்கள். இடையில் இரண்டு வாரம் விட்டுவிட்டு வந்து பழைய அளவிலேயே நின்றால் தோல் வெந்துபோகும், எத்தனை நாள் விட்டீர்கள் என்று உள்ளே போகுமுன் சொல்லுங்கள். மேலூரிலிருந்து வாரம் மூன்று நாள் பஸ் ஏறி வருவது விவசாயிக்குப் பெரிய சுமை. பாதியில் விட்டுப்போவதற்கு முக்கியக் காரணம் அதுதான். நடவு, அறுப்பு மாதங்களைச் சொல்லி முன்பே நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒளிச் சிகிச்சை நடக்கும்போது கார்போகரிசி எண்ணெயோ அரைத்த விழுதோ கண்டிப்பாகப் பூசக் கூடாது. வெண்திட்டுக்கு அதைப் பூசி வெயிலில் நிற்பது பழைய வழக்கம். அதில் இருக்கும் சோரலென் தோலை ஒளிக்குக் கூசவைக்கிறது. ஒளி மருத்துவத்தில் சோரலெனை அளந்து பயன்படுத்தும் முறை ஒன்று தனியே இருக்கிறது. அளவில்லாமல் வீட்டில் பூசிவிட்டு ஒளிப்பெட்டிக்குள் நின்றால் கொப்புளித்துவிடும்.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்ல வேண்டும். வலுவான ஸ்டீராய்டுக் களிம்பு இந்த நோய்க்கு ஒரு முறையான மருந்துதான். பெயர் தெரிந்து, இடம் தெரிந்து, கால அளவோடு போட்டால் மருந்து. பெயர் தெரியாமல் போட்டால் முகமூடி. அடுத்த கட்டத்தில் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை தரலாம். அது வாரத்துக்கு ஒரே நாள். தினமும் என்று தவறாகச் சாப்பிட்டால் எலும்பு மஜ்ஜை வற்றி உயிரே போகும். அட்டையின் மேல் "திங்கள்" என்று பேனாவால் எழுதி ஒட்டுங்கள், பொறுப்பு ஒருவரிடமே இருக்கட்டும். தனியாகப் புடைத்த கட்டிக்குக் குறைந்த அளவு கதிர்வீச்சு நன்றாகக் கேட்கும். முற்றிய நிலைக்கு வேறு மருந்துகள் உண்டு, அது புற்றுநோய் டாக்டரோடு உட்கார்ந்து பேச வேண்டியது. சொரியாசிஸ் என்றோ கரப்பான் என்றோ நினைத்து சைக்ளோஸ்போரின் அல்லது விலை உயர்ந்த உயிரியல் ஊசி தொடங்கப் பேச்சு வந்தால், அதற்கு முன் சதைப் பரிசோதனை நடந்ததா என்று கேளுங்கள். ஒளிந்திருக்கும் லிம்போமாவை அவற்றில் சில கிளப்பிவிடும்.

உடம்பெல்லாம் சிவந்து உரிந்து, உள்ளங்கை உள்ளங்கால் தடித்து வெடித்து, நெறியும் கட்டி, அரிப்பில் தூக்கமே இல்லை என்றால் அது ரத்தத்துக்கும் ஏறிய செசரி நோயாக இருக்கலாம். அந்த நிலையில் உடம்பு சூட்டையும் நீரையும் புரதத்தையும் இழந்துகொண்டே இருக்கும், வெடிப்பு வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறும். குளிரும் நடுக்கமும் வந்தால் அன்றே அட்மிட் செய்யுங்கள், காலை வரை பார்க்க வேண்டாம்.

மதுரையில் எங்கே போவது என்று கேட்டால், பனகல் ரோட்டுப் பெரியாஸ்பத்திரியில், அரசு ராஜாஜி மருத்துவமனையில், தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. சதையை வாசிக்க மருத்துவக் கல்லூரியின் நோயியல் துறை பக்கத்திலேயே. கதிர்வீச்சு தேவைப்பட்டால் பாலரங்காபுரத்தில் அரசுப் புற்றுநோய் மையம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷம் 5 லட்சம் வரை உண்டு. அட்டை இல்லை என்றால் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றோடு கலெக்டர் ஆபீஸ் காப்பீட்டு மையத்தில் இப்போதே எடுத்துவிடுங்கள். ரிப்போர்ட் வந்த அன்று அதற்காக அலையக் கூடாது.

அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது நாலரை வருஷத்தில் பூசிய டியூப்புகள் எத்தனை மிச்சமிருக்கிறதோ, காலியானதும் சேர்த்து, ஒரு பையில் எடுத்துப் போங்கள். பெயர் நினைவில்லாவிட்டாலும் டியூப்பின் முதுகில் எழுதியிருக்கும். பகல் வெளிச்சத்தில் ஒவ்வொரு படையையும், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, போனில் படம் எடுங்கள், மாதம் ஒருமுறை அதே இடம், அதே வெளிச்சம். பிட்டத்தைக் காட்ட அப்பா கூச்சப்படுவார். வேட்டியைத் தளர்த்தாமல் "கையில் மட்டும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு வந்துவிடுவார். அங்கேதான் பார்க்க வேண்டியது இருக்கிறது என்று வீட்டிலேயே சொல்லி அழைத்துப் போங்கள்.